கடலில் அந்நிய உயிரினங்களைத் தடுக்கும் விஞ்ஞானி உண்மையில் என்ன செய்கிறார்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடல் உயிரியல் படித்து முடிக்கப்போகும் ஒருவர் கேட்டது: "கடலுக்கு வேலி கிடையாது. எல்லாக் கடலும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் கிடக்கிறது. அப்படியிருக்க, அந்நிய இனங்கள் நுழையாமல் தடுக்கும் விஞ்ஞானி என்று ஒருவர் என்னதான் செய்கிறார்? வந்துவிட்டதை யாராவது ஒழித்திருக்கிறார்களா, இல்லை, வந்ததை எண்ணிக் கட்டுரை எழுதுவதோடு சரியா? இந்தத் துறைக்கு வர என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?"

ஒழித்திருக்கிறார்கள். ஆனால் அப்படி நடந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் இந்த வேலையில் முக்கால்வாசி, உயிரினம் வந்து சேர்வதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியதாக இருக்கிறது.

முதலில் அந்த வேலி விஷயம். கடலுக்கு வேலி உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கரையோரம் வாழும் ஒரு நண்டின் இளவுயிரி நீரில் மிதந்து திரிவது சில வாரங்கள்தான். அதற்குள் உட்காரத் தரை கிடைக்காவிட்டால் செத்துப்போகும். நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆழ்கடல் இருந்தால் அதுவே மதில். வெப்பநிலையும் உப்பின் அளவும் இன்னும் இரண்டு மதில்கள். இந்த மதில்களை இரண்டு மூன்று வாரங்களில் தாண்டவைப்பதில் முதலிடம் கப்பலுக்கு. அப்படிக் கொண்டுபோய் விடப்படும் உயிரினங்களில் பெரும்பாலானவை அங்கே பிழைப்பதில்லை. பிழைத்தவற்றிலும் பல, யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒரு மூலையில் கிடக்கும். ஏதோ சிலதான் ஊரையே வளைத்துப்போடும். எந்தச் சில என்பதை முன்கூட்டியே சொல்ல இன்றுவரை நம்பகமான வழி இல்லை. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் இனங்களைத் துரத்துவதில்லை. அவை வரும் பாதையைக் காக்கிறார்கள். பாதையை அடைத்தால், பெயர் தெரியாததும் சேர்ந்து அடைபடும்.

பெரிய பாதை பாலாஸ்ட் நீர். சரக்கு இறக்கிய கப்பல் வெறுமையாகக் கடலில் போனால் நிலை தடுமாறும். அதற்காக இறக்கும் துறைமுகத்திலேயே தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு, சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் வெளியே விடுவார்கள். ஒரு பெரிய கப்பல் பல்லாயிரம் டன் நீரை இப்படி ஒரு கடலிலிருந்து எடுத்து இன்னொரு கடலில் கொட்டும். அதில் என்னென்ன இருக்கிறது என்று ஜேம்ஸ் கார்ல்டனும் ஜோனதன் கெல்லரும் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் உள்ள கூஸ் பே துறைமுகத்தில் பார்த்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த 159 கப்பல்களின் பாலாஸ்ட் நீரில் 367 வகை உயிரினங்கள் உயிரோடு இருந்தன. 1993இல் வெளிவந்த இந்தக் கட்டுரைக்குப் பிறகு 'ஏதோ கொஞ்சம் வரலாம்' என்று யாரும் மழுப்ப முடியவில்லை. பின்னாளில் ஆண்ட்ரூ கோஹனும் கார்ல்டனும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைக் கணக்கெடுத்தபோது, 1961 முதல் 1995 வரையிலான காலத்தில் சராசரியாக 14 வாரத்துக்கு ஒரு புதிய அந்நிய இனம் அங்கே குடியேறியிருந்தது தெரிந்தது.

இதற்கான சர்வதேச உடன்படிக்கை 2004 பிப்ரவரியில் ஏற்கப்பட்டது. ஆனால் நடைமுறைக்கு வர 2017 செப்டம்பர் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதின்மூன்று வருடம்! தொடக்கத்தில் இருந்த ஏற்பாடு, துறைமுக நீரை நடுக்கடலில் மாற்றிக்கொள்வது. கரையிலிருந்து 200 கடல் மைல் தள்ளி, 200 மீட்டர் ஆழமாவது இருக்கும் இடத்தில், குறைந்தது 95 சதவீத நீரை மாற்ற வேண்டும். கரையோர உயிர் நடுக்கடலில் பிழைக்காது, நடுக்கடல் உயிர் துறைமுகத்தில் பிழைக்காது என்ற கணக்கு. எளிமையான, புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் தொட்டியின் அடியில் படிந்த சேற்றை அது அசைப்பதில்லை. கொந்தளிக்கும் கடலில் செய்வது கப்பலுக்கே ஆபத்து. அதனால் இப்போது கப்பலிலேயே நீரைச் சுத்திகரிக்கும் கருவி வேண்டும் என்ற நிலைக்கு வந்திருக்கிறார்கள். வடிகட்டி, அதன்பின் புற ஊதாக் கதிர் அல்லது குளோரின். வெளியேறும் நீரில் 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் கன மீட்டருக்கு 10க்குக் குறைவாக இருக்க வேண்டும். 10 முதல் 50 மைக்ரோமீட்டர் வரையுள்ளவை மில்லிலிட்டருக்கு 10க்குக் குறைவாக இருக்க வேண்டும். காலரா கிருமி, ஈ.கோலை போன்றவற்றுக்குத் தனி வரம்பு உண்டு.

விதியை எழுதியாயிற்று, இனி விஞ்ஞானிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அங்கேதான் வேலையே தொடங்குகிறது. கன மீட்டருக்கு 10 உயிர் என்றால் ஆயிரம் லிட்டர் நீரில் பத்தே பத்து. அதை எப்படி எண்ணுவது? வெளியேறும் குழாயில் ஒரு கிளைக்குழாய் வைத்து, நுண்ணிய வலையில் கன மீட்டர் கணக்கில் நீரை ஓடவிட்டு, வலையில் தங்கியதை ஒரு கோப்பையில் சேர்த்து, சில மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியின் கீழ் பார்க்க வேண்டும். தாமதித்தால் உயிரோடு இருந்ததும் செத்துவிடும், கணக்கு கப்பலுக்குச் சாதகமாகிவிடும். ஒரு மிதவை உயிரி அசையாமல் கிடந்தால் ஊசிமுனையால் மெல்லத் தொட்டுப் பார்ப்பார்கள். கால் துடித்தால் உயிர். இவ்வளவும் செய்து ஒரே ஒரு கன மீட்டரில் எண்ணினாலும், உண்மையான அளவு 10 என்றிருக்கும்போது தற்செயலாகவே 4 வரலாம், 16ம் வரலாம். நான்கு வந்த கப்பல் தேறிவிடும், பதினாறு வந்த கப்பல் மாட்டிக்கொள்ளும். இரண்டிலும் தொட்டியில் இருப்பது ஒரே நீர். எத்தனை கன மீட்டர் எடுத்தால் நீதிமன்றத்தில் நிற்கும் முடிவு கிடைக்கும் என்பதைப் புள்ளியியல் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

புற ஊதாக் கதிர் இதைவிடப் பெரிய தலைவலி. அது நுண்பாசியை உடனே கொல்வதில்லை, டிஎன்ஏவைச் சிதைக்கிறது. பாசி இன்னும் சில நாள் உயிரோடு இருக்கும், ஆனால் பெருகாது. உயிருள்ள செல்லில் மட்டும் பச்சையாக ஒளிரும் சாயத்தைப் போட்டால் அது பளிச்சென்று ஒளிரும். கருவி தோற்றுவிட்டது போலத் தெரியும். அதே பாசியை வளர்ப்பு ஊடகத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் முளைக்காது. கருவி வென்றுவிட்டது! அமெரிக்கக் கடலோரக் காவல் படை உயிர் இருக்கிறதா என்ற சோதனையைக் கேட்டது. கப்பல்களுக்கான உலக விதிகளை வகுக்கும் சர்வதேச கடல்சார் அமைப்பு பெருகும் திறன் இருக்கிறதா என்பதை ஏற்றது. பல கோடி மதிப்புள்ள கருவிச் சந்தை இந்த இரண்டு சோதனைகளுக்கு நடுவில் வருடக்கணக்கில் தொங்கியது. என் கருத்தைக் கேட்டால், பெருக முடியாத பாசியால் எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் வளர்ப்பு ஊடகத்தில் முளைக்காத எல்லாமே பெருகும் திறன் இழந்தவை என்று சொல்லவும் முடியாது. சில வகைகள் நல்ல நிலையிலேயே ஆய்வகத்தில் வளராது.

இரண்டாவது பாதை கப்பலின் அடிப்பகுதி. பாலாஸ்ட் நீருக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் பல கடற்கரைகளில் வந்து சேர்ந்த அந்நிய இனங்களின் கணக்கில் இதன் பங்கு பாலாஸ்ட் நீருக்குச் சளைத்ததல்ல. கொட்டலசு, மட்டி, குழாய்ப்புழு, பாசி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஓடிக்கொண்டே இருக்கும் சரக்குக் கப்பலின் வழவழப்பான பக்கவாட்டில் அவ்வளவாக இருக்காது. சுக்கானின் இடுக்கு, உந்துவிசிறியின் தண்டு, எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் குழிகளின் கம்பி வலை, உலர்துறையில் கப்பலைத் தாங்கிய கட்டைகள் இருந்ததால் பூச்சு படாமல் போன சதுரங்கள்: பார்க்க வேண்டிய இடங்கள் இவை. அதைவிட ஆபத்தானவை மெதுவாக நகர்பவை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்த எண்ணெய்த் துரப்பண மேடை, இழுவைப் படகு, உல்லாசப் படகு.

இதற்கு ஒரு காலத்தில் பிரமாதமான மருந்து இருந்தது. டிரைபியூட்டில்டின் கலந்த பூச்சு. எதுவுமே ஒட்டாது. ஆனால் அது நீரில் கசிந்து, பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கும் அளவுக்குப் போனது. 2001இல் தடை உடன்படிக்கை எழுதி, 2008இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது பெரும்பாலும் செம்புப் பூச்சுதான். அதற்குத் தாக்குப்பிடிக்கும் உயிரினங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒட்டியதை நீருக்கடியிலேயே சுரண்டிவிடலாமே என்றால், சுரண்டும் அதிர்ச்சியில் சில உயிரினங்கள் அங்கேயே முட்டையும் விந்தும் விட்டுவிடும். அதனால் சுரண்டுவதை அப்படியே உறிஞ்சி வடிகட்டும் கருவியோடுதான் செய்ய வேண்டும். இந்த விஷயத்தில் நியூசிலாந்துதான் முந்திக்கொண்டது. 2018 மே முதல், வரும் எந்தக் கப்பலும் சுத்தமான அடிப்பகுதியோடு வர வேண்டும் என்று சட்டமாகவே வைத்தார்கள். சர்வதேச அளவில் 2011இல் வந்து 2023இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல்கள் இருக்கின்றன, கட்டாயமில்லை.

மீன் தொட்டி வியாபாரம், சிப்பி வளர்ப்பு, 1869இல் திறந்த சூயஸ் கால்வாய் எனப் பாதைகள் இன்னும் உண்டு. யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது. 2011 சுனாமியில் ஜப்பானிலிருந்து அடித்துச் செல்லப்பட்ட பொருட்கள் வருடக்கணக்கில் மிதந்து வட அமெரிக்கக் கரையில் ஒதுங்கின. அவற்றில் ஏறத்தாழ 290 ஜப்பானிய இனங்கள் உயிரோடு இருந்தன. மரம் என்றால் வழியிலேயே மக்கியிருக்கும். பிளாஸ்டிக்கும் நுரைக்கட்டியும் மக்கவில்லை.

அப்புறம், யாருக்கும் பிடிக்காத, நிதி கேட்டால் முகம் சுளிக்கப்படும் ஒரு வேலை: ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுவது. இந்தத் துறையில் எனக்கு ஒரே ஒரு விஷயத்துக்குப் பணம் தருவதாகச் சொன்னால் இதற்குத்தான் கேட்பேன். ஒரு துறைமுகத்தில் சொந்தமாக வாழ்பவை எவை என்று தெரியாவிட்டால், புதிதாக வந்தது எது என்று எப்படித் தெரியும்? பழைய துறைமுகங்களில் பல இனங்கள் சொந்தமா வந்தேறியா என்றே சொல்ல முடியாது. மரக்கப்பல்கள் நூற்றாண்டுகளாக எதையெல்லாம் கொண்டுவந்தன என்று யார் எழுதி வைத்தார்கள்? கார்ல்டன் இப்படிப்பட்டவற்றுக்குத் தனி வகையே வைத்தார். அதற்கு முன்பு சந்தேகத்துக்குரிய எல்லாமே சொந்த இனக் கணக்கில்தான் சேர்ந்துகொண்டிருந்தன.

பட்டியல் போடும் முறை ஒன்றும் பிரமாண்டமானதல்ல. 14 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பிவிசி தகடு. ஒரு பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அந்தப் பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி செங்கல்லில் கட்டி, மிதவைத் துறையிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுவார்கள். கீழ்நோக்கி வைப்பது வண்டல் படியாமலும், வெயிலில் பாசி மூடாமலும் இருக்க. மூன்று மாதம் கழித்து எடுத்தால் வெறும் தகடு ஒரு கறித்துண்டு கனத்துக்கு உயிரினங்களால் மூடியிருக்கும். அதைக் கடல்நீர்த் தட்டில் வைத்து நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் உலகெங்கும் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாசிவிலங்குகளில் (பாசி போலப் படரும் நுண்ணிய கூட்டுயிரிகள்) தேர்ந்த ஒருவர் ஓய்வு பெற்றால், சில நாடுகளில் அந்த இடத்தில் உட்கார ஆளே இல்லை.

இதற்கு மாற்றாக இப்போது எல்லோரும் சொல்வது சுற்றுச்சூழல் டிஎன்ஏ. ஒன்றிரண்டு லிட்டர் நீரை வடிகட்டி, அதில் உதிர்ந்து கிடக்கும் டிஎன்ஏவைப் படித்து யார் அங்கே இருக்கிறார்கள் என்று சொல்வது. அருமையான கருவி, சந்தேகமே இல்லை. ஆனால் பாலாஸ்ட் நீரில் செத்து வந்த மட்டியின் டிஎன்ஏவும், அங்கே குடியிருக்கும் மட்டியின் டிஎன்ஏவும் அதற்கு ஒன்றுதான். ஆய்வகத்தில் பக்கத்து மேசையிலிருந்து துளி பட்டாலும் 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். அதனால் டிஎன்ஏ எதுவும் இல்லாத சுத்த நீரையும் ஒவ்வொரு முறையும் கூடவே வடிகட்டி ஒப்பிட வேண்டும். 'இருக்கிறது' என்ற ஒரே ஒரு முடிவை வைத்துக்கொண்டு துறைமுகத்தை மூடச் சொல்ல முடியாது. முக்குளிப்பவரை இறக்கிப் பார்க்கச் சொல்லலாம், அந்த அளவுக்கு அது போதும்.

சரி, தடுத்தும் வந்துவிட்டது. இப்போது?

ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகம், 1999 மார்ச். சாதாரணப் பட்டியல் போடும் ஆய்வுக்காக இறங்கிய முக்குளிப்பவர்கள், படகுத்துறை ஒன்றில் கறுப்பு வரி மட்டியைப் பார்த்தார்கள். கரீபியன் பக்கத்து இனம். 1967இலேயே விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்து கப்பல்களுக்கும் தூண்களுக்கும் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்ததால் அதன் குணம் எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதம் முன்பு அதே இடத்தில் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. இப்போது ஒரு சதுர மீட்டரில் 20,000க்கும் மேல். ஏறத்தாழ ஒரு மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும் உயிர். யோசிக்க நேரமில்லை.

அங்கே ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. டார்வினில் கடல் ஏற்ற இறக்கம் மிக அதிகம், ஏறத்தாழ எட்டு மீட்டர் வரை போகும். அதனால் படகுத்துறைகளுக்கு மதகுக் கதவுகள் உண்டு. கதவை மூடினால் அது ஒரு தொட்டி. மூடினார்கள். உள்ளே இருந்த படகுகளோடு சேர்த்து மூன்று துறைகளைத் தனிமைப்படுத்தி, டன் கணக்கில் குளோரின் திரவத்தையும் செம்புச் சல்பேட்டையும் கொட்டினார்கள். மட்டி மட்டுமல்ல, உள்ளே இருந்த எல்லாமே செத்தது. அதைத் தெரிந்தேதான் செய்தார்கள். அதற்குள் வெளியே போய்விட்ட நூற்றுக்கணக்கான படகுகளைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். அதிகாரம் போதவில்லை என்றபோது சட்டத்தையே அவசரமாகத் திருத்தினார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு மட்டிகூட மிஞ்சவில்லை. செலவு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

இன்னொன்று கலிஃபோர்னியா. 2000 ஜூனில் அகுவா ஹெடியோண்டா காயலில் கடற்புல் ஆய்வுக்கு இறங்கிய முக்குளிப்பவர்கள் கௌலெர்பா டாக்சிஃபோலியா என்ற பச்சைப் பாசியைக் கண்டார்கள். மீன் தொட்டி அழகுக்காக விற்கப்பட்ட வகை. இதைப் பற்றி மத்தியதரைக் கடலிலிருந்து ஏற்கெனவே கசப்பான பாடம் இருந்தது. 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே அது இருந்தது கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர் பரப்பில்தான். பின்னர் கடல் உயிரியலாளர் அலெக்ஸாண்டர் மெய்னெஸ் எச்சரித்தும், அது யார் தப்பு, ஆபத்துதானா என்ற சண்டையிலேயே வருடங்கள் போயின. ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவிவிட்டது. ஒரு சென்டிமீட்டர் துண்டு போதும், அதிலிருந்து புதுச் செடி வரும். நங்கூரம், வலை, எது கிழித்தாலும் விதைப்பு மாதிரி. கலிஃபோர்னியாவில் அந்தத் தவறைச் செய்யவில்லை. பாசித் திட்டுகளின் மேல் கறுப்பு பிவிசி விரிப்பைப் போட்டு, ஓரங்களை மணல் மூட்டையால் அழுத்தி, உள்ளே குளோரினைச் செலுத்தினார்கள். பிடுங்கவே இல்லை, பிடுங்கினால் துண்டு சிதறும். 2002க்குப் பிறகு எதுவும் தென்படவில்லை. ஆனாலும் 2006 ஜூலை வரை தேடிக்கொண்டே இருந்து, அதன்பிறகே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். 70 லட்சம் டாலருக்கு மேல் செலவு.

நியூசிலாந்துக்கு அப்பால் உள்ள சாத்தம் தீவுகளில் 2000இல் ஒரு மீன்பிடிக் கப்பல் மூழ்கியது. அதன் அடியில் அண்டாரியா என்ற ஆசியப் பழுப்புப் பாசி ஒட்டியிருந்தது. கப்பலைத் தூக்க முடியவில்லை. நீருக்கடியிலேயே சூடு காட்டினார்கள்! மின்கம்பிச் சுருள் பொருத்திய மரப்பலகைப் பெட்டிகளைக் காந்தத்தால் கப்பலில் ஒட்டவைத்து, உள்ளே இருக்கும் நீரை 70 டிகிரிக்கு ஏற்றிப் பத்து நிமிடம் வைத்து, அடுத்த இடத்துக்கு நகர்த்தினார்கள். பெட்டி உட்காராத மூலைகளில் தீச்சுடர். ஒவ்வொரு சதுர அடியாக முழுக் கப்பலும். பாசி அந்தத் தீவில் ஊன்றவில்லை.

இவற்றில் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். சீக்கிரம் பார்த்தார்கள், இடம் சின்னது அல்லது மூடக்கூடியது, முடிவெடுப்பதில் இழுபறி இல்லை, பணமும் கிடைத்தது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கதை மாறும். உயிரியல் இதில் கால்வாசிதான்.

ஒழிக்க ஒவ்வொன்றையும் கொல்ல வேண்டியதில்லை என்பதற்கும் ஓர் அழகான உதாரணம் உண்டு. தென்னாப்பிரிக்க அபலோனி சிப்பியோடு கலிஃபோர்னியாப் பண்ணைகளுக்கு வந்த ஒரு நுண்புழு, சிப்பியின் ஓட்டைக் குடைந்து வளர்ச்சியையே முடக்கியது. ஒரு பண்ணையின் கழிவுநீர் விழும் கயூகோஸ் கரையில் அது கடலில் இயல்பாக வாழும் நத்தைகளுக்கும் தொற்றியது. கேரி கல்வர், ஆர்மண்ட் குரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத் தொற்றுநோய் போலப் பார்த்தார்கள். தொற்ற ஆள் போதுமான அளவு நெருக்கமாக இல்லாவிட்டால் நோய் தானாக அணையும். பண்ணையிலிருந்து புழு வெளியேறுவதை வலை போட்டு நிறுத்தி, ஓட்டுக் குப்பைகளை அள்ளி, எளிதில் தொற்றுக்குள்ளாகும் 16 லட்சம் நத்தைகளை அங்கிருந்து அகற்றினார்கள். புழு மறைந்தது.

இனி தோல்விகள். எனக்கு வெற்றிகளைவிட இவைதான் அதிகம் கற்றுத்தருபவை.

கலிஃபோர்னியாவின் சீட்ரிஃப்ட் காயலில் ஐரோப்பியப் பச்சை நண்டை ஒழிக்க 2009 முதல் பொறி வைத்துப் பிடித்தார்கள். எட்வின் குரோஷோல்ஸின் குழு. சுமார் 1,25,000 நண்டு இருந்தது 2013இல் 10,000க்குக் கீழே இறங்கியது. இன்னும் கொஞ்சம்தான் என்ற நிலை. அடுத்த வருடம் எண்ணினால் ஏறத்தாழ 3,00,000! வெளியிலிருந்து வந்தவை அல்ல, அங்கேயே பிறந்தவை. காரணம் பிறகு புரிந்தது. பெரிய நண்டுகள் குட்டி நண்டுகளைத் தின்னும். பொறியில் விழுவது பெரியவை. அவற்றை அகற்றியதால், ஒவ்வொரு வருடமும் தின்னப்பட்டுக்கொண்டிருந்த குட்டிகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. இந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. மனிதர் கையே நண்டின் எண்ணிக்கையை ஏற்றிவிட்டதை ஒளிக்காமல் எழுதியதற்காகவே அந்தக் குழுவை மதிக்கிறேன். இதற்குப் பிறகு அவர்கள் முழு ஒழிப்பைக் கைவிட்டு, பாதிப்பு தெரியாத அளவுக்குக் குறைத்து அப்படியே வைத்திருக்கும் வழிக்கு மாறினார்கள்.

குறைத்து வைத்திருப்பது என்பது கைவிடுவதல்ல. அட்லாண்டிக்கில் 1985இல் ஃபுளோரிடா அருகே முதலில் தென்பட்ட சிங்கமீன் இப்போது கரீபியன் முழுவதும் இருக்கிறது. அதை ஒழிப்பது நடக்காத காரியம். ஆழத்தில் முக்குளிப்பவர் எட்டாத இடத்தில் பெரும் பகுதி இருக்கிறது, ஒரு பெண் மீன் வருடத்தில் 20 லட்சம் முட்டை வரை விடும். ஸ்டெஃபனி கிரீன் என்ற ஆய்வாளர் வேறு கேள்வி கேட்டார்: ஒரு பவளத்திட்டில் எத்தனை சிங்கமீன் வரை இருந்தால் சொந்த மீன்கள் தாங்கும்? அந்த எல்லையைக் கணக்கிட்டு, பஹாமாஸில் சில திட்டுகளில் அதற்குக் கீழே மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். அங்கே சொந்த இரைமீன்களின் மொத்த எடை 50 முதல் 70 சதவீதம் கூடியது. ஒன்றும் செய்யாத திட்டுகளில் குறைந்துகொண்டே போனது. முழுவதும் பிடிக்கத் தேவையான உழைப்பில் ஒரு பகுதி போதும் என்றால், ஒரே முக்குளிப்புக் குழுவால் நிறைய திட்டுகளைக் காக்க முடியும்.

எதிரியைக் கொண்டுவந்து விட்டால் என்ன என்று அடிக்கடி கேட்பார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்கரையிலிருந்து பாலாஸ்ட் நீரில் கருங்கடலுக்கு வந்த நிமியோப்சிஸ் என்ற சீப்பு ஜெல்லி, மீன் குஞ்சுகளின் உணவையும் மீன் முட்டைகளையும் தின்று தீர்த்தது. ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்த நெத்திலி வகை மீன்வளம் சரிந்தது. 1997இல் பெரோய் என்ற இன்னொரு சீப்பு ஜெல்லி வந்தது. அது தின்பதே முதலாவதைத்தான். நிமியோப்சிஸ் குறைந்தது. ஆனால் பெரோயை யாரும் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை, தானாக வந்த அதிர்ஷ்டம். காஸ்பியனுக்கும் நிமியோப்சிஸ் பரவியபோது பெரோயை வேண்டுமென்றே விடலாமா என்று ஆராய்ந்து, ஆய்வகச் சோதனைகளும் செய்தார்கள். தயங்கியதில் தப்பில்லை. கடலில் விட்டதைத் திரும்பக் கூப்பிட முடியாது.

எதிர்பாராத இன்னொரு சிக்கல், வந்ததை மக்கள் விரும்ப ஆரம்பிப்பது. 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பாரன்ட்ஸ் கடலில் விட்ட சிவப்பு ராஜ நண்டு நார்வே கரைக்குப் பரவியது. இன்று அது விலை உயர்ந்த ஏற்றுமதிப் பொருள். நார்வே ஒரு கோடு போட்டது. கிழக்கு நெடுங்கோடு 26 டிகிரிக்குக் கிழக்கே இது ஒதுக்கீட்டோடு பாதுகாத்துப் பிடிக்க வேண்டிய வளம். மேற்கே எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம், பிடித்ததைத் திரும்ப விடக்கூடாது. ஒரே நண்டு, கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு சட்டம். இது ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். பரவலின் முனையை விலை கொடுத்துத் தடுத்து நிறுத்த மீனவர்களே கிடைத்துவிட்டார்கள் என்பதால் எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. ஆனால் சிங்கமீனைச் சாப்பிட்டே ஒழிப்போம் என்ற பிரச்சாரங்களில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். சந்தை உருவானால் அந்த மீன் தீரக்கூடாது என்று நினைக்கும் ஆட்களும் உருவாவார்கள்.

கடைசியாக, என்ன கற்க வேண்டும் என்ற கேள்வி. உயிரினங்களை இனங்காணப் பழகுங்கள். ஒரு தொகுதியையாவது, அசிடியனோ (பாறையில் ஒட்டி வாழும் பை போன்ற உயிரி) பாசிவிலங்கோ கொட்டலசோ, நுண்ணோக்கியின் கீழ் பார்த்துப் பெயர் சொல்லும் அளவுக்கு. அடுத்து புள்ளியியல். குறிப்பாக, ஒன்றைத் தேடியும் கிடைக்காதபோது அது இல்லை என்று எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கணக்கு. கலிஃபோர்னியாவில் 2002க்கும் 2006க்கும் நடுவே நடந்ததெல்லாம் அந்தக் கணக்குதான். டிஎன்ஏ வேலையை எந்த ஆய்வகத்திலும் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம், அதற்காகத் தயங்க வேண்டாம். முக்குளிக்கத் தெரிந்தால் நல்லது, தெரியாமலும் நன்றாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். துறைமுக அதிகாரி, கப்பல் பொறியாளர், மீனவர், சட்டம் எழுதுபவர் என நான்கு பேரிடமும் ஒரே விஷயத்தை அவரவருக்குப் புரியும்படி பேசத் தெரிய வேண்டும். கண்டுபிடித்த வாரத்திலேயே மதகை மூட ஒருவர் உத்தரவு போட வேண்டியிருக்கும். அவரிடம் அன்றுதான் அறிமுகம் ஆகிறீர்கள் என்றால் காரியம் நடக்காது.